செம்பை நான் வாங்காத நாள்

பிள்ளைகளே, உங்களுக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்தாள். பதினோரு நாள் இருந்தாள்.

அப்போது நான் ஒத்தக்கடைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் உபதேசியார். சுவாமியார் மாதம் ஒருதரம்தான் வண்டியில் வருவார். ஞானஸ்நானம் இல்லாமல் செத்தால் மோட்சம் இல்லை என்பதால், இடையில் ஏதாவது குழந்தை சாகக் கிடந்தால் நான்தான் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பேன்.

அக்காவுக்குக் காலையில் ஜன்னி கண்டது. பால் இறங்கவில்லை. உங்கம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. தகப்பனே ஊற்றினால் புருஷன் பெண்சாதிக்குள் ஞான உறவு வந்துவிடும், அப்புறம் சேர்ந்து வாழக் கூடாது என்று பாடத்தில் படித்திருந்தேன். சாகிற பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை என்று அடுத்த வரியிலேயே இருந்தது. அது அந்த நேரம் புத்தியில் வரவில்லை.

யானைமலை அடியில் கல் உடைக்கிற நம் வேதக்காரர் ஒருவரைத் தேடி ஓடினேன்.

"என்ன மாப்ள, ஊருக்கெல்லாம் ஊத்துறவரு சொந்த வீட்டுக்கு ஆள் தேடுறீரா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சுத்தியலைப் போட்டுவிட்டுக் கூடவே ஓடிவந்தார்.

நாங்கள் போனபோது முடிந்திருந்தது. ஞானஸ்நானம் இல்லாததால் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தோம். உங்கம்மா என்னோடு பேசவில்லை. அவளுக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை.

அடுத்த மாதம் சுவாமியாரிடம், "அவ எங்க இருப்பா சாமி?" என்று கேட்டேன்.

"வேதனை இல்லாத இடம். ஆனா மோட்சம்னு சொல்ல முடியாதுப்பா" என்றார். நான் நகராமல் நின்றேன். அவரே மேலும் சொன்னார். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரு வாலிபர், இப்படிப் போன பிள்ளைகளும் மோட்சம் சேரும் என்று எழுதினாராம். சுவாமியார்களுக்கெல்லாம் மேலான பேர்போன மேற்றிராணியார் ஒருவர் அதை மறுத்து எழுத, வாலிபர் தப்பை ஒத்துக்கொண்டாராம். "அவரு புஸ்தகம் இப்ப இல்லை. மறுத்தவரு எழுதுனதுலதான் அவரைத் தெரியும்."

வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் முன்பாதியை மட்டும் சொன்னேன்.

"அவருக்கும் பிள்ளை செத்திருக்குமோ?"

"தெரியலை."

"செத்திருக்கும். இல்லாட்டி எப்படி எழுதுவாரு?"

அன்றைக்குத்தான் தட்டில் போட்டதை முழுக்கச் சாப்பிட்டாள். இன்றும் ஜெபத்தில் அந்த ஆப்பிரிக்காக்காரரை நினைக்கிறாள்.

அவர் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டது அவளுக்குத் தெரியாது. வேதம் சொல்லிக்கொடுக்கிறவன் நான், பாதியை மறைத்துவிட்டேன். உங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இதை அவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.