மஞ்சள் பையின் பின்னால்

ஜூன் மாதம் பிறந்தால் எனக்கு ஒரு தொல்லை. நான் படித்த கல்லூரியிலிருந்து போன் வரும். புதுப் பிள்ளைகளுக்கு அறிமுக விழா வைத்திருக்கிறோம், மலையிலிருந்து வந்து படித்து இன்றைக்கு டீச்சராக இருக்கிறீர்கள், இரண்டு வார்த்தை அறிவுரை சொல்லிவிட்டுப் போங்கள் என்பார்கள். நானும் போய், நேரத்துக்கு வாருங்கள், நூலகத்தை எட்டிப் பாருங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு, ஒரு சால்வையையும் மிக்சர் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு திரும்புவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். விடட்டும், நானும் அந்த ஹாலில் உட்கார்ந்து விட்டவள்தான்.

உண்மையில் சொல்ல வேண்டிய அறிவுரை ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறந்து வழி கேளுங்கள். அதை மேடையில் சொல்ல மட்டும் எனக்கு வெட்கம்.

இதெல்லாம் ஒரு அறிவுரையா என்று நீங்கள் கேட்கலாம். வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள் இல்லையா? மற்ற இடங்களில் அது பேச்சோடு சரி. ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டில் அது சட்டம். 'பயணம் தூரமா?' என்று பட்டும் படாமல் கேட்கலாம். சொல்ல இஷ்டமிருந்தால் அவர்களே இடத்தைச் சொல்வார்கள். இல்லாவிட்டால் 'இதோ, இப்படித்தான்' என்று போய்க்கொண்டே இருப்பார்கள். நடந்துபோகிற ஒருவரையும் எங்கே என்று கேட்காமலே பதினேழு வயது வரை வளர்ந்துவிட்டேன் நான். கல்லூரியிலோ அத்தனை பேரும் நடந்துகொண்டே இருந்தார்கள்.

முதல் நாள் அப்பா ஜீப்பில் ஜமுனாமரத்தூர் வரை கூட வந்தார். பஸ் ஏற்றிவிட்டு, சாமை விதைக்க வேண்டும் என்று திரும்பிவிட்டார். அறிமுக விழா பெரிய ஹாலில் நடந்தது. மேடையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் இங்கிலீஷில் வரவேற்றார்கள். எனக்கு 'வெல்கம்' மட்டும் புரிந்தது. ஆறு தடவையும் புரிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஏழாவதாக வந்தவர் நல்லவேளையாகத் தமிழில் பேசினார். அசல் சான்றிதழ்களை இன்னும் கொடுக்காதவர்கள் இன்று மூன்று மணிக்குள் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார்.

மடியிலிருந்த பிளாஸ்டிக் பைலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். என் சாதிச் சான்றிதழ் முந்தின வாரம்தான் கைக்கு வந்திருந்தது. அதற்காக அப்பா நான்கு தடவை வேலையைப் போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு அலைந்திருந்தார். இந்தச் சீட்டுப் போனால் அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது, வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள். ஹாலைவிட்டு வெளியே வந்தபோது மணி இரண்டு. ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது, நடந்துபோகிறவர்களிடம் 'எங்கே' என்று கேட்க வாயும் வரவில்லை.

எனக்கு முன்னால் ஒரு பெண் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். பைக்குள்ளிருந்து என்னுடையதைப் போலவே ஒரு பிளாஸ்டிக் பைல் எட்டிப் பார்த்தது. சரி, இவளும் சான்றிதழ் கொடுக்கத்தான் போகிறாள் என்று முடிவு செய்து பின்னாலேயே நடந்தேன். சைக்கிள் ஸ்டாண்ட் போனது. கேன்டீன் போனது. கல்லூரி வாசலே போனது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊரில் ரேஷன் கடைக்கே ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். இவ்வளவு பெரிய கல்லூரிக்கு ஆபீஸ் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போன்ற புத்திசாலிகளைத்தான் இன்றைக்கு மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றாள். நானும் நின்றேன். திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"இன்னாங்க, ஹால்லேர்ந்து என் பின்னாலயே வர்றீங்க? இன்னா வேணும்?"

வேறு வழியில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"ஆபீசு எங்க இருக்குதுங்க?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். கண்ணமங்கலத்துப் பெண். மேடையில் இங்கிலீஷில் பேசியது ஒரு வரிகூட அவளுக்குப் புரியவில்லை. மூன்று வருடம் கழித்துப் பெயிலாகி வீட்டுக்குப் போவதற்கு இன்றைக்கே போய்விடலாம் என்று கிளம்பிவிட்டாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை என்று சொன்னேன். அவளைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, அதுதான் நிஜம். அவளுடைய சீட்டைப் பற்றி அந்த நிமிஷம் எனக்குக் கவலையே இல்லை. மணி இரண்டரை ஆகிவிட்டதே, அப்பா அலைந்ததெல்லாம் மண்ணாய்ப் போகிறதே என்றுதான் என் கவலையெல்லாம்.

அவள் ஊர்ப் பக்கம் போகிற ஆரணி பஸ் வந்தது. அவள் படியில் ஒரு கால் வைத்தாள். கண்டக்டர் ஏறும்மா ஏறும்மா என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டோரத்தில் பைலைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றிருந்தேன். அவள் காலைக் கீழே வைத்தாள்.

"வாங்க, காட்றேன். காலைல வர்றப்போ போர்டு பாத்தேன்."

ஓடினோம். ஆபீஸ் ஹாலுக்கு எதிரிலேயே இருந்தது. கிளார்க் பெட்டியைப் பூட்டப் போகிற நேரம். இவ்வளவு நேரம் எங்கே ஊர் சுற்றினீர்கள் என்று வாய் வலிக்கத் திட்டிவிட்டு, இரண்டு பைலையும் வாங்கி முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகு மூன்று வருடமும் நான் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொன்னேன். அழுதுகொண்டே ஓடிய பெண்ணைத் துரத்திப் போய்ப் புத்தி சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தவள் நான் என்று. ஹாஸ்டல் முழுக்க அதை நம்பியது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, மறுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசி வருடம் பிரிவுபசார விழாவில் மேடையிலேயே சொன்னேன், கைதட்டல் வேறு. கீழே இறங்கி வந்ததும், நிஜமாகவே அன்றைக்கு ஏன் பஸ் ஏறவில்லை என்று அவளிடம் கேட்டேன். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"உன்னப் பாத்தேன்டீ. இவளே படிக்க வந்துட்டா, எனக்கு இன்னா கேடுன்னு எறங்கிட்டேன்."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய்ப் பேசினேன். அவள் அந்தப் பஸ்ஸில் ஏறியிருந்தால் என் சீட்டும்தான் போயிருக்கும்.