வீரய்யாவும் துரைசாணியின் கண்ணாடித் தொட்டியும்

கண்டிக்கு ரயில் வராத காலத்தில், கொழும்பிலிருந்து ஓர் ஆள் நீளக் கண்ணாடித் தொட்டியை ஒரு கீறலும் இல்லாமல் கொண்டுவந்து இறக்கியவன் நான். கடுகண்ணாவை ஏற்றத்தில் மற்றவர்களின் வண்டியில் பீங்கான் கோப்பைகூடத் தப்பாது. நான் தொட்டியை வைக்கோலில் பொதிந்து, மாட்டின் கயிற்றைக் கையில் பிடித்து, வழி முழுக்க நடந்தே வந்தேன். ஓதப்போன பள்ளியில் நாலு எழுத்தோடு நின்றவன்தான். ஆனால் இன்று கெலிஓயாவில் என் வண்டி இல்லாமல் ஒரு மூட்டை கோப்பிக்கொட்டை அசையாது. அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது அந்தத் தொட்டியைக் காத்த வீரய்யாவைப் பற்றி.

வீரய்யா புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். புசல்லாவைக் கோப்பித் தோட்டத்துக்கு மனைவி வேலாயியோடு நடந்து வந்தவன். தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை அறைகளில், அவர்களுடைய முதல் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. பிறகு கண்டி வாவிக்கு மேலே இருந்த வெள்ளைக்காரக் கோப்பி வியாபாரியின் பங்களாவில் அவனுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை கிடைத்தது. வேலாயி மட்டும் தோட்டத்திலேயே இருந்தாள், மறுபடி வயிற்றில் பிள்ளையோடு.

தொட்டி வந்ததும் அந்த வீட்டுத் துரைசாணி அதை விறாந்தை ஓரத்தில் வைத்தாள். அடியில் மணல், மணலில் ஓடைப் பாசிக் கொடிகள், மகாவலியில் பிடித்த சிறு மீன்கள், சில நத்தைகள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சமையல் குசினிக்குப் பின்னால் உள்ள அறை என்றாள். அந்த அறையில் ஓடு போட்டிருந்தது, ஜன்னலும் இருந்தது. பிள்ளை பிறக்கும் முன்னே வேலாயியை அங்கே கூட்டி வந்துவிட வேண்டும் என்பதே வீரய்யாவின் ஒரே நினைப்பு.

அதனால் அவன் தொட்டியைத் தன் வீட்டுத் தண்ணீர்ப் பானைபோலவே பார்த்தான். விடிந்ததும் பழைய தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டுவான். மணலை அலசுவான். பாசிக் கொடிகளைப் பிடுங்கி வேரைக் கழுவி மறுபடி நடுவான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தில் புதுத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவான். குடம் பொன்னாய் மினுங்கும். தொட்டிதான் விளங்கவில்லை. மத்தியானத்துக்குள் தண்ணீர் கழுநீராய்க் கலங்கும். கொடிகள் கறுத்து அழுகின. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

“ஓய் வீரய்யா, என்ட மாட்டுத் தொட்டிய நான் ஒரு நாளும் கழுவுறல்ல. பாசி புடிச்சிக் கெடக்கு. ஆனா தண்ணி பளிங்கு. மீன் குஞ்சும் துள்ளுது” என்றேன். எங்கள் முஸ்லிம் ஆட்களில் அண்ணனை ‘நானா’ என்போம்; அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

“மாடு குடிக்கிற தண்ணியும் தொரசாணி பாக்குற தண்ணியும் ஒண்ணா நானா? ராத் தங்குன தண்ணிய எங்க வீட்ல கால் கழுவக்கூட வைக்க மாட்டோம்.”

“கழுவிக் கழுவியே கொல்லுறாய்.”

“போங்க நானா. மாட்டுக்காரருக்கு மாட்டுப் புத்தி.”

என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன ஆட்கள் அதிகம் இல்லை. சிரித்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் மீன்களில் பாதி மல்லாந்து மிதந்தன. துரைசாணி நுவரெலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். தொட்டியைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: “நான் திரும்பி வரும். தண்ணீர் இப்படி இருந்தால் கொழும்பு ஆள் வரும். அறை அவனுக்கு.”

அவள் போன மறுநாள், புசல்லாவையிலிருந்து கோப்பி ஏற்றிவந்த என் வண்டிக்காரன் சேதி கொண்டுவந்தான். வேலாயிக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை. தாய்க்குக் காய்ச்சல். குழந்தை பூனைக்குட்டியளவுதான் இருக்கிறது.

நானே போய் வீரய்யாவிடம் சொன்னேன். குடத்தைத் தூக்கப் போனவன் அப்படியே விலகி நின்றான்.

“நானா, தீட்டு வந்துருச்சே. இனி நான் தண்ணியத் தொடக்கூடாது.”

“வெள்ளக்காரன்ட தொட்டிக்குமா தீட்டு?”

“யாரு தொட்டியா இருந்தா என்ன? தண்ணி தண்ணிதானே. மொதப் பிள்ளைக்கு நான் எதையும் பாக்கல. போயிருச்சு. இதுவும் போயிட்டா அவ மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?”

“தொடாம உட்டா அறை போயிருமே. அந்த லயத்துலதான் புள்ள கெடக்கணும்.”

அவன் வெளியே நடந்தான். முற்றத்துப் பலாமரத்தடியில் குந்தி, இரண்டு கைகளையும் கக்கத்தில் அடக்கிக்கொண்டான். குசினியில் சமைக்கும் அப்புவோ, அந்த நாற்றத்தில் கை வைக்க மாட்டேன் என்று முகத்தைச் சுளித்தான். எனக்கு அன்று கொழும்புக்குப் பாரம் ஏற்றியாகிவிட்டது. வாக்குத் தவறாத வியாபாரி நான், நிற்க முடியாது.

நான் திரும்பும்வரை மழை. சாய்ந்து அடித்த சாரல் விறாந்தை ஓரத்தை நனைத்து, தொட்டியிலும் விழுந்துகொண்டே இருந்ததாம். துரைசாணி வராமல் பங்களாவை விட்டுப் போகவும் வழியில்லாமல், வீரய்யா தினமும் பலாமரத்தடியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தானாம். சோறு வைத்தால் பாதி தின்பானாம். ‘பைத்தியம் புடிச்சிட்டுது’ என்றான் அப்பு.

நான் போய்ப் பார்த்தேன். அடி மணல்வரை கண்ணுக்குத் தெரிந்தது. கறுத்த கொடிகளின் கணுவில் நகத்தளவு பச்சை இலைகள். ஒரு நத்தை கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த மீன்கள் கீழே இலைக்குள் மேய்ந்தன.

“நானா, ராவுல யாரு கழுவுனது?” என்று வீரய்யா மரத்தடியிலிருந்தே கேட்டான்.

“ஒருத்தரும் கழுவல்ல. அதுதான் காரணம்” என்றேன். குடத்தையும் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்த செம்பின் நஞ்சு தண்ணீரில் இறங்கினால் சின்ன உயிர் தாங்குமா? இதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்த வாத்தியாரும் தேவைப்படவில்லை. “இனி மண் குடத்துல, குறையிற அளவு மட்டும் ஊத்து. மணலக் கிண்டாத” என்றேன்.

அவன் முகம் தெளியவில்லை. இன்னும் இருண்டது. “அப்ப தொடாம உட்டாலே போதும்னா, எனக்கு எதுக்கு அறை குடுப்பாங்க?”

 கேட்டுக்கொண்டு நின்ற அப்பு வழி சொன்னான்: “‘நான்தான் கழுவினேன்’ எண்டு துரைசாணிட்ட நீ சொல்லு.”

“பிள்ள தீட்டுல இருக்கயில பொய் சொல்லச் சொல்றியா?”

அந்தப் பேச்சு முடியுமுன் துரைசாணியின் குதிரை வண்டி ஏறிவந்தது. அவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொட்டியருகே குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு மரத்தடியைப் பார்த்து, “வீரய்யா, என்ன செய்தாய்?” என்று கேட்டாள்.

அவன் எழுந்தான்.  என்னைப் பார்த்தான். 

“பாத்துக்கிட்டே இருந்தேனுங்க தொரசாணி. வேற ஒண்ணும் செய்யல.”

துரைசாணி தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் கண்கள் சிவந்து குழி விழுந்திருந்தன.

“நல்லது. இனியும் பார்” என்றாள்.

தாயையும் பிள்ளையையும் என் வண்டியில், என் சொந்தக் காளைகளைப் பூட்டி, நானே போய் ஏற்றி வந்தேன். வேலாயிக்குக் காய்ச்சல் விட்டிருக்கவில்லை. பிள்ளை வழி முழுக்க அழவே இல்லை. வீரய்யா வண்டியின் பின்னால் நடந்துவந்து, அடிக்கொரு தரம் துணியை விலக்கி மூச்சிருக்கிறதா என்று பார்த்தான். அறைக்குள் படுக்கவைத்து, அப்பு கொடுத்த சுடுகஞ்சியை வேலாயி குடித்த பிறகுதான் பிள்ளை முதல்முறை வீரிட்டது. வீரய்யா வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தான். விறாந்தைப் பக்கமிருந்து துரைசாணி கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை.