ஓடும் எஞ்சின்

போடி ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. வாசலை ஒட்டிய வார்டில் அம்மா கண் திறக்காமல் படுத்திருக்கிறாள். மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அந்த உறுமலும் டீசல் வாடையும் என்னைக் குரங்கணிக்கு இழுத்துப் போகின்றன.

அங்கே மலையடிவாரத்தில் அப்பா ஜீப்பு ஓட்டினார். மேலே ஏலத்தோட்டங்களுக்கு அப்போது ரோடு கிடையாது. சீக்காளியைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டித் தூக்கி வருவார்கள். சரிவில் ஆட்களின் தலை தெரிந்ததும் அப்பா எஞ்சினைப் போட்டுவிடுவார். வழியிலேயே உயிர் போயிருந்தால் கம்பளி முகத்தை மூடியிருக்கும். அதைக் கண்டால் அணைத்துவிடுவார்.

அடுப்படியில் அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பாள். வாசலில் நிற்கும் என்னிடம் கேட்பாள்.

"ஓடுதா, ஆத்தா?"

"ஓடுதும்மா."

அதற்குப் பிறகுதான் உலையில் அரிசி விழும். சத்தம் நின்றுபோனால் உலையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவாள். பாதி வழியில் செத்தவருக்கு அழ ஒருத்தியாவது வேண்டும் என்பாள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் எட்டிப் பார்க்கிறார். "டாக்டர் வர நேரமாகும் போலக்கா. ஆஃப் பண்ணிரவா?"

"வேணாம் தம்பி, ஓடட்டும். அம்மாவுக்குக் கேக்கும்."