இடது காலுக்கு வேலையில்லாத கார்

2016-ஆம் வருடக் கோடைக்காலம். நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் சுரங்கத்தில் ஃபிட்டர். நாலு மாடி உயரத்துக்கு நிற்கும் மண் வெட்டும் இயந்திரங்களைப் பிரித்து மாட்டுவதுதான் என் வேலை. அதனால் கார் என்பது எனக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி, அதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு மண்டைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. அது இறங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் மனைவிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். ஆனால் நகரியத்துக்குள் அவளுக்கு யார் தயவும் வேண்டாம். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் அவள் பறக்கிற வேகத்தைப் பார்த்து நான்தான் பயப்படுவேன். சிக்கல் அவள் அம்மா வீட்டுக்குப் போவதில்தான். திருவதிகைக்கு அப்பால் தார் ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் களிமண் பாதை. மழை பெய்தால் ஸ்கூட்டர் உள்ளே போகாது. காலிப்பர் போட்டு நடக்கவும் முடியாது.

முந்தைய வருடம் நவம்பர் மழையில் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். அவள் தம்பி அவளை முதுகில் தூக்கிக்கொண்டு போனான். நான் குடையும் பையுமாகப் பின்னால் போனேன். பாதி வழியில் அவன் வழுக்கி ஒரு முழங்கால் ஊன்ற, காலிப்பர் சேற்றில் சிக்கி வார் அறுந்தது. தெருவே வாசலில் நின்று பார்த்தது. யாரும் கேலி செய்யவில்லை. ஐயோ பாவம் என்றார்கள். அந்த வார்த்தைதான் அவளுக்கு ஆகவே ஆகாது.

வீடு திரும்பியதும், காலிப்பரில் காய்ந்திருந்த சேற்றைப் பழைய பிரஷால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “இனிமே மழ நாள்ல நான் எங்கம்மா வூட்டுக்கு வர்ல. மூட்ட மாதிரி தூக்கினு போறது எனக்குப் புடிக்கல.”

சொன்னால் சொன்னதுதான். அடுத்த மாதம் பெருமழையில் அவள் அம்மா காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தபோதும் போகவில்லை. போனில் சிரித்துப் பேசுவாள், வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவாள். எனக்குத் தாங்கவில்லை. இவளை இனி யாரும் தூக்கக்கூடாது, அதற்கு ஒரு வழி செய்கிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

மழை நாளில் சுரங்கத்துச் சேற்றில் எங்கள் ஜீப் நாலு சக்கரமும் இழுத்துக்கொண்டு அலுங்காமல் மேலே ஏறிவிடும். ஆனால் ஜீப்பின் படி உயரத்துக்குக் காலிப்பரோடு ஏற முடியாது. ஜீப் மாதிரி இழுக்க வேண்டும், கார் மாதிரி தாழ்வாக இருக்க வேண்டும். அப்படி வண்டி உண்டா என்று விசாரித்தேன். உண்டாம். பனியிலும் மலையிலும் ஓட்டுவதற்காக வெளிநாட்டுக்காரர்கள் செய்த, டிக்கி வைத்த பெரிய கார். புதிதாக வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. பழசுதான்.

அந்த வருடம் பழைய கார் வாங்குவது பெரிய சூதாட்டம். டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களையெல்லாம் கழுவித் துடைத்து ஊரெங்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். குள்ளஞ்சாவடியில் ஒரு புரோக்கர், “நாலு சக்கரமும் இழுக்கும் சார்” என்று ஒன்றைக் காட்டினார். உள்ளே மல்லிகை சென்ட் வாசனை ஆளைத் தூக்கியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருந்த பாகம் முழுக்க வண்டல் மண். கீழே படுத்துப் பார்த்தால் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகிற தண்டே இல்லை. எழுந்து கேட்டேன். “நாலும் சுத்துதில்ல சார்?” என்றார் அந்த மனிதர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

கடைசியில் எங்கள் நகரியத்துக்குள்ளேயே ஒன்று கிடைத்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து எஞ்சினியர் ஒருவர். முன்பு நீலகிரியில் வேலை பார்த்தபோது வாங்கிய வண்டி. அவருக்கு வடக்கே மாற்றல் வந்துவிட்டதால் விற்கிறார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை விடாமல் சோதித்தேன். நீளத் திருப்புளியை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து பேரிங் சத்தம் கேட்டேன். எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு நாலு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் பாழாகிவிடும். அதையும் அளந்தேன். எல்லாம் சுத்தம். அவரும் எதையும் மறைக்கவில்லை. பெட்ரோல் குடிக்கும், சாமான் சென்னையிலிருந்துதான் வரவேண்டும், கியர் ஆயிலை மட்டும் தள்ளிப் போடவே கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு குறைதான் எனக்கு உறுத்தியது. அது ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. கிளட்ச் இல்லாத வண்டி ஒரு வண்டியா? கெட்டுப்போனால் இங்கே பிரிக்க ஆள் கிடையாதே! வீட்டுக்கு வந்து, “ஒரு கொற இருக்கு, வேணாம்னு பாக்கறேன்” என்று மட்டும் சொன்னேன். என்ன குறை என்று சொல்லவில்லை. அவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்.

“வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா சரி. ஒருவாட்டி நானும் பாத்துட்டு வந்துடறேன்” என்றாள். அழைத்துப் போனேன். அவள் ஏறி இறங்கத் தோதாக நான் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். விளையாட்டுக்குத்தான் ஏதோ செய்கிறாள் என்று நினைத்தேன். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, காலிப்பரின் முழங்கால் பூட்டை டக்கென்று விடுவித்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். குனிந்து பார்த்தாள்.

“சார், பெடல் ரெண்டுதான் இருக்கு. எடது காலுக்கு எங்க வேல?”

“இதுல அந்தக் காலுக்கு வேலையே இல்லீங்க” என்றார் எஞ்சினியர். “உங்களுக்குன்னு இல்ல, எனக்கும் அப்படித்தானுங்க. ஏழு வருசமா என் இடது காலும் சும்மா உக்காந்துதான் வருது.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ முறை அவள் சிரித்துப் பார்த்திருக்கிறேன், இது வேறு. சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “மூணு வாரமா பாத்துகினு இருந்தீங்களே, இத ஏன் எனக்குச் சொல்லல?”

இதைத்தான் குறை என்று நினைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? இவளை எப்படி ஏற்றுவது, எப்படி இறக்குவது என்று மட்டுமே யோசித்திருக்கிறேன். தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவளுக்குக் கார் ஓட்ட ஆசை இருக்கும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அவள் தம்பி முதுகில் தூக்கினான், நான் காரில் வைத்துத் தூக்கப் பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே வண்டியைப் பேசி முடித்துவிட்டோம்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்த எஞ்சினியர்தான். அவர் வடக்கே கிளம்ப இன்னும் சில வாரங்கள் இருந்தன. எல்.எல்.ஆர். எடுத்ததும், காலை வேளைகளில் வெறிச்சோடிக் கிடக்கும் நகரியத்துச் சாலைகளில் பழக்கினார். முதல் நாள் நான் பின் இருக்கையில் உட்கார்ந்து, “பிரேக்கு, பிரேக்கு” என்று கத்திக்கொண்டே வந்தேன். ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னவர், “நீங்க டீ சாப்பிட்டுட்டு இருங்க, நாங்க வந்துடறோம்” என்று மரியாதையாக என்னை இறக்கிவிட்டார். மறுநாளிலிருந்து நேராக டீக்கடைக்கே போய்விடுவேன். உரிமம் வாங்க இரண்டு தடவை அலைய வேண்டியிருந்தது. அவள் காலைப் பார்த்துத் தயங்கிய அதிகாரிகள் அவள் ஓட்டியதைப் பார்த்துச் சம்மதித்தார்கள்.

நாங்கள் வண்டி வாங்கிய வருடம் பார்த்து மழை பொய்த்துவிட்டது. நாலு சக்கர இழுப்பைக் காட்ட ஒரு பிடி சேறு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் நவம்பரில்தான் வானம் திறந்தது. அவளே கிளம்பினாள். தார் ரோடு முனையில் அவள் தம்பி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழையபடி தூக்குவதற்குத் தயாராக நின்றான். மழை வழியும் கண்ணாடிக்குள் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

“மாமா, வண்டிய இங்கியே வுட்டுட்டு வாங்க. அக்காவ நான் தூக்கினு வந்துடறேன்” என்று சத்தம் போட்டான்.

வலது பக்கக் கண்ணாடி இறங்கியது. “நீ வேணும்னா ஏறிக்கடா. காலு சேறாயிடும்” என்றாள் அவன் அக்கா.

வாயைப் பிளந்தபடி ஏறி உட்கார்ந்தான். சேற்றில் வண்டியின் பின்பக்கம் ஒருமுறை வாலாட்டியது. வாய் வரைக்கும் வந்த கத்தலை நான் விழுங்கிக்கொண்டேன். அவள் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி, காலைப் பதமாக அழுத்தினாள். நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்தன. மெதுவாக, நிற்காமல், வாசல் வரைக்கும் போனாள்.

சத்தம் கேட்டு மாமியார் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். எப்போதும் போல மகளைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இடது பக்கக் கதவைத் திறந்தார். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவரை, “ம்மா, இந்தாண்ட!” என்று மகள் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்த அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை, முறம் மட்டும் சேற்றில் கிடந்தது.

அன்பு இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த வண்டியின் ஒவ்வொரு பேரிங்கையும் காது வைத்துக் கேட்ட எனக்கு, பக்கத்திலேயே இருந்தவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்பதை, அவள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.