அட்டைப்படத்துப் பெண்ணுக்குக் காதுகுத்து

அய்யாசாமிக்கு அண்ணன் தம்பி ஐந்து பேர். அக்கா தங்கை என்று ஒருத்திகூட இல்லை. பெரியப்பா, சித்தப்பா வீடுகளிலும் ஆண்வாரிசுதான். ராமாபுரத்தில் அவர்கள் வகையறாவிலேயே தாய்மாமன் ஆகக் கொடுத்துவைக்காத ஒரே குடும்பம். மைசூருக்குக் குடிவந்து, நஞ்சன்கூட்டு மில்லுக்கு ரயிலில் போய்வந்த காலத்திலும் அந்தக் குறை அவர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தது. சொந்த மகள் ஜோதிமணிக்குக் காது குத்தியபோது, யார் மடியில் உட்காரவைப்பது என்று மனைவி மகேஸ்வரியின் அண்ணன்மார் மூவரும் முட்டிக்கொண்டார்கள். பெற்றவர் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்று நான்கில் ஜோதிமணிக்குப் பதின்மூன்று வயது. கன்னடம் தண்ணீர்பட்ட பாடு; தமிழ் எழுத்தைக் கண்டால் ஓட்டம். அவளுக்காகத் தேவராஜ மொஹல்லாவில் நஞ்சுண்டசாமியின் வாடகை நூலகத்திலிருந்து தமிழில் இளையோர் நாவல் ஒன்றை அய்யாசாமி எடுத்துவந்தார். மகள் தொடவில்லை. அப்பா மூன்று முறை படித்தார். பதினான்கு வயது மரகதம் தனியாகக் காடு கடந்துபோய்த் தந்தம் கடத்துகிறவர்களைப் பிடித்துக்கொடுக்கிற கதை.

"அப்பன் மொதப் பக்கத்துலயே செத்துட்டான். அத்தை இருக்குது, சித்தப்பன் ரெண்டு பேரு. தாய்மாமனைக் காணமே மகேசு! அட்டையைப் பாரு, காது மூளியா இருக்குது."

"எழுதுனவரு மறந்திருப்பாருங்க."

"அதுக்காகப் புள்ளைய அப்படியே உட்டுடறதா?"

"அப்ப மொட்டையும் அடிச்சுப்போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சுப்பையா ஆசாரி கடையில் அய்யாசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"குழந்தை எங்கே?"

"மடியில இருக்குதுங்க."

ஆசாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரு காதுதானே தெரியுது?"

"தெரியற காதுக்குப் போடுங்க. மெதுவாங்க."

கம்மல் ஏறியது. அழுதது அய்யாசாமிதான்.

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டும். வெறுங்கையோடு அனுப்புவதா? தட்டில் தேங்காய், பழம், பாவாடைத்துணி, நடுவில் மரகதம்.

நஞ்சுண்டசாமி ஐம்பது வயதுவரை கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர். "ஏன்ரீ, என்ன இது? அட்டையை யாரு குத்துனது?"

"தாய்மாமன் சீருங்க. புள்ளை இருக்கற வீட்டுக்காரருதான் தட்டை வாங்கோணும்."

"வாங்கலேன்னா?"

"நான் தாய்மாமன் இல்லீன்னு ஆயிப்போயிரும்."

அப்போது நரைத்த தலை பேங்க் அதிகாரி ஒருவர் எட்டிப் பார்த்தார். "அந்தக் காட்டுக் கதை வந்துடுச்சா? என் பையனுக்குத்தான்." அவருக்குப் பிள்ளையே கிடையாது என்பது அந்த வீதிக்கே தெரியும்.

நஞ்சுண்டசாமி அவரைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பொண்ணை ஒரு வாரம் இவர் வீட்டுக்கு அனுப்பலாமா மச்சான்?"

அய்யாசாமி தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு பேங்க்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எந்த ஊருங்க? அம்மா பொறந்த ஊரு?"