தண்ணீர் கடைந்த ஆராயி

ஆசிய விளையாட்டுக்காக டில்லியை மூலைக்கு மூலை தோண்டிப் போட்டிருந்த வருஷம். சாந்துச்சட்டி சுமந்து சுமந்து கழுத்தே இரண்டங்குலம் உள்ளே போய்விட்ட ஆராயிக்கு, ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது. ஒரு வாரம் பார்ப்பார்கள். ஆராய்ச்சி நடத்தும் மல்ஹோத்ரா சாகிபுக்குப் பிடித்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி சாந்துச்சட்டி.

அங்கே நடப்பது எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர். அதில் கலந்திருக்கும் பிராணவாயுவை விரட்ட, சிலிண்டரிலிருந்து வேறொரு வாயுவைக் குமிழ் குமிழாக விடுவார் சாகிப். விரட்டியது வெளிக்காற்றிலிருந்து மறுபடி தண்ணீருக்குள் இறங்குகிறதா என்று மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“தொரத்துவானேன், திரும்பி வருதான்னு காத்துக் கெடப்பானேன்?” என்று பியூன் அழகர்சாமியிடம் கேட்டாள். அந்தக் கட்டிடத்தில் தமிழ் பேசும் இன்னொரு ஜீவன் அந்த மதுரைக்காரர்தான்.

“பெரிய படிப்புத்தா அது. நீ தரையத் தொடச்சாப் போதும்.”

அழகர்சாமி டீ வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், சாகிப் சாப்பிடக் கிளம்பினார். தொட்டியைக் காட்டி விரலை ஆட்டினார்.

“பானி மத் ஹிலானா. சம்ஜி?”

“அச்சா சாகிப்.”

பானி, தண்ணீர். ஹிலானா, ஆட்டுவது, சாந்து கலக்கிற இடத்தில் பழகிய சொல். மத் என்றால் மத்து, அது தெரியாதா அவளுக்கு? மோரைக் கடைந்தால் வெண்ணெய், தண்ணீரைக் கடைந்தால் காற்று போலிருக்கிறது! ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓடி, ஒரு மரமத்து வாங்கிவந்து கடைந்தாள் பாருங்கள், பாற்கடல் கடைந்த தேவர்களும் அசுரர்களும் கிட்டே நிற்க முடியாது! அடியில் படுத்திருந்த மீட்டர் முள் அலறிப் புடைத்து எழுந்து உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது.

திரும்பி வந்த சாகிப் போட்ட கூச்சலில் அழகர்சாமி டீயோடு ஓடிவந்தார்.

“அடியாத்தி! மத்னா வேணாம்னு அர்த்தம். தண்ணிய ஆட்டாதன்னுருக்காரு!”

“வேணாம்னு சொல்றதுக்கு எதுக்குங்கண்ணா மத்தச் சொல்றாரு?” ஆராயிக்குக் கண்ணில் நீர் முட்டியது. சாந்துச்சட்டி தலைமேல் ஏறி உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

அழகர்சாமி தன் அரைகுறை ஹிந்தியில் மத்தின் கதையைச் சொன்னார். சாகிப் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே ஏதோ நீளமாகப் பேசினார்.

“நாளைக்கி நீ கடையணுமாம். கலக்குன தண்ணில காத்து எம்புட்டு வெரசா எறங்குதுன்னும் பாக்கணுமாம். ஒனக்கு வேல நெலச்சிருச்சுத்தா!”

“ஆட்டுனதுக்குத்தானே கத்துனாரு?”

“ஆமா.”

“அதையே திரும்பச் செய்யச் சொல்றாரா?”

“ஆமாங்குறேன்ல!”

மறுநாள் சாகிப், “ஹிலாவோ!” என்றார். இந்தத் தடவை ‘மத்’ என்றே சொல்லவில்லையே, மத்து வேண்டுமா வேண்டாமா? ஆராயி மத்தைக் கீழே வைத்துவிட்டு, அழகர்சாமியைத் தேடிப் போனாள்.