நான் மீன் தின்ற ஏழு நாள்

யாழ்ப்பாணத்தில் என்னைப் பெற்ற ஐயா இறந்ததற்கு அடுத்த நாள் காலை, விமானத்தில் ஜன்னல் பக்கத்து இருக்கைக்காக நான் என் பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஐயா இறந்தது எனக்குத் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். லண்டன் பக்கம் குரோய்டனில் இருந்த என் அண்ணனுக்குத் தெரியும். கனடாவில் இருக்கும் அக்காவுக்கும் தெரியும். இரவு தொலைபேசியில் கூடிப் பேசி, என்னிடம் சொல்வதில்லை என்று மூவருமாக முடிவெடுத்திருந்தார்கள். "போயிட்டு வரட்டும், பாவம், அவளுக்கு இதுதானே முதல் ஹொலிடே" என்று அண்ணன் சொன்னாராம்.

எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. ஊரில் ஒருவர் இறந்தால் லண்டனில் இருக்கும் பிள்ளைக்கு உடனே சொல்லமாட்டார்கள். ஷிப்ட் முடிந்து வரட்டும், சாப்பிட்டு முடிக்கட்டும், சோதனை எழுதி முடிக்கட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது பழமொழி. எங்கள் ஆட்கள் மறைப்பார்கள். நானும் மறைத்திருக்கிறேன். ஒரு சிநேகிதியின் தாய் இறந்ததைத் தெரிந்துகொண்டே, அவளோடு அப்டன் பார்க்கில் கடை கடையாக ஏறி இறங்கிச் சீலை பார்த்திருக்கிறேன். அது இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கலியாணமாகிப் பதினான்கு வருடத்தில் நாங்கள் எங்கும் போனதில்லை. எனக்குச் சட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. ஒருவர் வர மற்றவர் போவார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்பதற்காகத்தான் சைப்பிரசுக்கு ஒரு கிழமை, ஏழு நாள், பதிவு செய்தோம். டிக்கெட்டை மாற்றவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

அங்கே கடற்கரைக்கு அருகில் குசினியோடு ஒரு சின்ன ஃபிளாட். நான் புத்தியாக அரிசி, மிளகாய்த்தூள், ரைஸ் குக்கர் எல்லாம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் நாள் பையைத் திறந்து குக்கரை எடுத்ததும் அவர் அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார்.

"சமையல் வேண்டாம். நீர் சும்மா இரும்" என்றார்.

சும்மா இரும். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வியர்வை ஒட்டாத, தோலுக்கு இதமான வெயில். பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்தார்கள். நான் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, நகத்துக்குச் சிவப்புப் பூச்சு அடித்தேன். அவர் எனக்கு ஒரு வைக்கோல் தொப்பி வாங்கித் தந்தார். நான் கேட்கவேயில்லை.

பின்னேரங்களில் கடலோரத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். எனக்கு மீன் என்றால் உயிர் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு முழு மீனைச் சுட்டு எலுமிச்சம்பழத்தோடு கொண்டுவரச் சொல்வார். ஒருநாள் கணவாய் மீனும் சொன்னார். தனக்கு மட்டும் பாண் ரொட்டியும் தக்காளியும் அவித்த பயற்றங்காயும்.

"ஏன் நீங்கள் மீன் எடுக்கேல்லை?"

"வயித்துக்குச் சரியில்லை."

பிள்ளைகளுக்கு முன்னால் நான் அவரைச் சைவக் குருக்கள் என்று கேலி செய்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஐயாவோடு பேசுவது வழக்கம். தொலைபேசிக் கார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். "யாழ்ப்பாணத்துக்கு லைன் இல்லையாம். உம்மட அண்ணை சொன்னவர்" என்றார் அவர். அந்தக் காலத்தில் அது நம்பக்கூடிய பொய். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை பூட்டியிருந்தது. தொலைபேசி நாட்கணக்கில் வேலை செய்யாது. நான் கார்ட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கடலுக்கு இறங்கினேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. அவர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். காதுக்குள் தண்ணீர். மேலே வெளிச்சம். இந்த மனிதருக்கு என்மேல் இவ்வளவு அன்பு இருந்திருக்கிறதே, நான்தான் வேலை வேலை என்று ஓடிக் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு வயதில் அந்த ஒரு கிழமை புதுப்பெண் மாதிரி நடந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் பிற்பகல் விமான நிலையத்திலிருந்து ரயில் எடுத்து சட்டன் வந்து சேர்ந்தோம். எங்கள் வீட்டுக் கதவடியில் ஒரு குவியல் செருப்பும் சப்பாத்தும். உள்ளேயிருந்து வடை பொரியும் மணம். எங்களை வரவேற்கத்தான் யாரோ வந்து சமைக்கிறார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தது, எங்கள் மறுசாவி வைத்திருந்த அண்ணன். முன்னறையில் சோபாக்களைச் சுவரோடு தள்ளிவிட்டு, நடுவில் ஐயாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஐயாவின் எட்டுச் செலவு. இறந்து எட்டு நாள் ஆனதும் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற சடங்கு. அதை என் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா போயிட்டார்" என்றார் அண்ணன்.

"எப்ப?"

"நீங்கள் புறப்பட்டதுக்கு முதல் நாள்."

பெண்கள் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. தலையில் வைக்கோல் தொப்பி. ஒருத்தி என் கால் நகங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அவர்கள் அழுது முடித்துவிட்டிருந்தார்கள். எனக்காக இரண்டாம் தடவை அழுதார்கள்.

அப்போதுதான் அவருடைய பாணும் தக்காளியும் எனக்கு விளங்கியது. செத்த வீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, கழியும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தின்னக்கூடாது. அவர் தின்னவில்லை. என் ஐயாவுக்கு மருமகன் ஒழுங்காகத் துடக்குக் காத்திருக்கிறார், பெற்ற மகள் எதிரில் இருந்து முள்ளைச் சூப்பியிருக்கிறாள். அந்த மீனை எனக்கு வரவழைத்துத் தந்தவரும் அவர்தான். அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சனம் வந்து போய் முடிந்தபிறகு அவரிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"தெரிஞ்சாலும் என்ன செய்திருப்பீர்? பாதை பூட்டு. போக ஏலாதே."

"அழுதிருப்பன்."

"அதுக்குத்தான் சொல்லேல்லை."

அவர் சொன்னதில் பிழையில்லை. போயிருக்க முடியாது. முகம் பார்த்திருக்க முடியாது. எனக்கென்று மிஞ்சியிருந்தது அழுகை ஒன்றுதான்; அதையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். ஆனால் நான் கேட்க நினைத்தது வேறு. அதைக் கேட்கப் பல நாள் எடுத்தது.

"அங்க என்னோட அப்பிடி இருந்தீங்கள். ஐயா செத்ததாலதானோ?"

அவர் யோசித்தார். ஏழு நாள் பொய் சொன்ன மனிதர், இன்னும் ஒரேயொரு பொய் சொல்லியிருக்கலாம். நான் சந்தோசமாக நம்பியிருப்பேன்.

"உம்மைப் பார்க்கப் பாவமா இருந்தது" என்றார்.

அந்த மாரிக் குளிரில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. மேல்மாடி அறையில் படுத்திருந்தேன். அவர் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஆறுறதுக்கு முதல் குடியும்" என்றார். அவர் கீழே இறங்கியதும் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, ஆர் செத்தது? மறைக்காமல் சொல்லுங்கோ."

"ஒருத்தரும் இல்லையே. என்ன விசர்க் கதை?"

நம்பவில்லை. அக்காவுக்கு எடுத்தேன். அக்கா சத்தியம் பண்ணினாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு யாரும் சாகவில்லை. அவர் சும்மாதான் கஞ்சி கொண்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒன்றும் கொண்டு வந்ததில்லை.